ஒரு துணிகூட நனையவில்லை

கிராம சுகாதார செவிலியராகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். வாழ்த்துச் சொல்ல வரவில்லை. பயிற்சி முடிவு விழாவில் வந்து ஐந்து நிமிடம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியது என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். நான் நயமாகப் பேசுகிற ஆளும் இல்லை. அதனால்தான் தாளில் எழுதித் தருகிறேன். படிக்கப் பிடிக்காதவர்கள் மடித்து வைத்துவிடுங்கள். ஆனால் உங்களில் ஒருத்தி மட்டும் கடைசிவரை படித்தே ஆகவேண்டும். அது யார் என்று அவளுக்கே தெரியவரும்.

ஊசி போடுவது, எடை பார்ப்பது, அட்டை நிரப்புவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்று ஒரு பெண் சொன்னால் நாம் எல்லோரும் ஓடுவோம். ரத்தம் என்றால் யாருக்கும் பயம்தான். ஆனால் கொஞ்சமாகத்தான் போகிறது என்று சொன்னால் யாரும் நகரமாட்டோம். “நல்லதுதானே, துணி மிச்சம்” என்போம். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது.

சங்கரன்கோவிலில் இருந்து பனவடலிசத்திரம் போகிற பக்கம் உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கேதான் என் துணை சுகாதார நிலையம். ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருந்தது. இருபத்தைந்து வருட அனுபவம். எனக்குத் தெரியாததா என்ற திமிர் இருந்தது. அந்தத் திமிரைக் கவனியுங்கள். தெரியாதவள் பயந்துபோய் நாலு பேரைக் கேட்பாள். எல்லாம் தெரியும் என்கிறவள்தான் கேட்காமலே எழுதுவாள்.

அந்த ஊரில் மாரிச்செல்வி என்று ஒருத்தி. வயது இருபத்தேழு. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. புருஷன் கிடை ஆடு வைத்திருக்கிறவன். ராயகிரிப் பக்கம், சிவகிரிப் பக்கம் என்று வயல்களில் எருவுக்காக ஆட்டைக் கிடை போட்டுக்கொண்டே போவான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். வீட்டில் இவளும் மாமியாரும்தான். மாமியாருக்கு வாய் நீளம். பிள்ளை இல்லாத மருமகளிடம் அந்த வாய் எப்படிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நூற்றெட்டுச் சுற்று சுற்றுவதாக மாரிச்செல்வி நேர்ந்திருந்தாள். கொடியேறியதில் இருந்து தினமும் போய்க் கோயிலைச் சுற்றவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவளுடைய மாதவிலக்குத் தேதி சரியாக நடுவில் வந்து விழுந்தது.

“நர்சம்மா, தள்ளிப்போடுற மாத்திர ஒண்ணு வாங்கித் தாங்க. கடைல போய் கேக்க எனக்கு வெக்கமா இருக்கு. ஆம்பளயாளுவ நிக்கானுவ.”

உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆடி மாதம் நம் ஊர் மருந்துக்கடைகளில் அந்த மாத்திரை எப்படி விற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். டாக்டர் சீட்டு இல்லாமல்தான் வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். டவுனுக்குப் போனபோது என் கையால் வாங்கி, எப்படிச் சாப்பிடவேண்டும் என்று என் வாயால் சொல்லி அவளிடம் கொடுத்தேன். எதையாவது கேட்டேனா, சோதித்தேனா? இல்லை. பிள்ளைக்காக ஆறு வருடம் ஏங்குகிறவளிடம் “உள்ளே ஏற்கெனவே உண்டாகியிருக்குமோ” என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவளை நான் எப்போதோ மலடி என்று மனதுக்குள் எழுதி மூடியிருந்தேன். மாமியார் அதை வாய்விட்டுச் சொன்னார். நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தபசு முடிந்து அடுத்த வாரம் வீடுவீடாகப் போனபோது அவள் வாசலில் ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டு இருந்தாள்.

“என்னட்டி, சுத்தி முடிச்சியா?”

“நூத்தியெட்டும் முடிச்சிட்டேன் நர்சம்மா. கால்தான் கொப்பளிச்சுட்டு.”

“அம்பாள் குடுப்பா. மாத்திரைய நிறுத்தினதும் வந்துட்டா?”

“வந்துட்டு. ஆனா கொஞ்சமாத்தான். எனக்கு எப்பவும் நாலு நாள் போவும்லா. இந்த வாட்டி ஒரே நாள். ஒரு துணிகூட நனையல. நெறமும் ஒரு மாதிரி, காப்பித்தூளு கணக்கா.”

“மாத்திர போட்டா அப்படித்தான். நல்லதுதானேட்டி, துணி மிச்சம்.”

அவளும் சிரித்தாள். உள்ளே இருந்து மாமியார் குரல் வந்தது.

“என்னத்த நல்லது? ரத்தமே வத்திட்டுன்னா வயிறு எங்கன நெறையும்? இதுல ஒரு நாள்லயே தலைக்கு ஊத்திக்கிட்டு அடுப்படில வந்து நிக்கா மூதி. மூணு நாள் ஒதுங்க வேண்டாம்? கேட்டா நின்னுட்டுங்கா. எங்க காலத்துல இப்படிக் கோட்டித்தனம் உண்டுமா?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “நீங்க செத்த சும்மா இருங்க. இந்தக் காலத்துலயும் ஒதுங்கணும் ஒதுக்கணும்னுக்கிட்டு. வேலை செய்யுதாளேன்னு சந்தோசப்படுவீங்களா?” என்று வெட்டினேன். மாரிச்செல்வி என்னை நன்றியோடு பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மூடப்பழக்கத்தை எதிர்த்துப் பேசிவிட்ட பெருமை.

பதிவேட்டைத் திறந்தேன். கடைசி மாதவிலக்குத் தேதி என்ற கட்டத்தில் அந்த ஒரு நாளின் தேதியை எழுதினேன். கட்டம் நிரம்பியது. பக்கத்து வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு என் பையில் கர்ப்பம் பார்க்கிற சிறுநீர் சோதனை அட்டை இரண்டு கிடந்தது. எத்தனை என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது பாருங்கள்.

நான் எழுதிய அந்தத் தேதியில் இருந்து பதினாறாம் நாள், ஒரு புதன்கிழமை. தடுப்பூசி நாள். நிலையத்துக்குள் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் கத்துகிற கத்தலில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. மாரிச்செல்வி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“தோள்பட்ட வலிக்கு நர்சம்மா. இந்த நுனிலதான். மூச்சு இழுத்தா குத்துது.”

“எங்கயும் விழுந்தியா?”

“இல்ல. ஆட்டுக்குக் கொழ ஒடிச்சேன். அதான் பிடிச்சிருக்கும்.”

காய்ச்சல் மாத்திரை இரண்டை எடுத்து நீட்டினேன். நீட்டியபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் கண் ஊசியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் “கக்கூஸ் வாரமாரி இருக்கு” என்று எழுந்தாள். வாசல் நிலையைப் பிடித்தாள். அப்படியே வழுக்கிக்கொண்டு உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள்.

பக்கத்தில் போனேன். உதடு வெளுத்திருந்தது. கீழ் இமையை இழுத்தால் சிவப்பே இல்லை. உச்சி வெயிலில் உடம்பு ஜில்லென்று இருந்தது. நெற்றி வேர்வையைத் துடைக்கத் துடைக்க வந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது, பிடித்தால் நழுவியது. ரத்த அழுத்தம் மேல் எண் எழுபதுதான். கருவிதான் தப்போ என்று இன்னொரு தடவை பார்த்தேன். அறுபத்தெட்டு. வயிற்றில் கை வைத்தேன். மயக்கத்திலும் என் கையைத் தட்டிவிட்டாள்.

எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. கூடியிருந்த தாய்மார்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “மருந்தக் குடிச்சிட்டாளோ?” இன்னொருத்தி: “மாமியாக்காரி என்ன பேச்சு பேசினாளோ.” அவ்வளவுதான், அது எல்லோருக்கும் உண்மையாகிவிட்டது. எனக்கும்தான். பிள்ளை இல்லாதவள், மாமியார் கொடுமை, மயக்கம். இந்தப் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது பூச்சிமருந்துதான். வாயை மோந்து பார்த்தேன், வாடை இல்லை. ஆனாலும் மேல் சிகிச்சைச் சீட்டில் “வயிற்று வலி, மயக்கம், விஷம் குடித்திருக்கலாம்” என்று எழுதினேன். கடைசி மாதவிலக்கு என்ற இடத்தில் பதிவேட்டைப் பார்த்து அதே தேதியைப் போட்டேன். கை பழக்கத்தில் தானாகவே எழுதியது. பொய்யை இரண்டாவது தடவை எழுதினேன்.

ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். நான் வெளியே ஓடினேன். டீக்கடையில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்த லோடு ஆட்டோவை மறித்தேன்.

“அண்ணாச்சி, கேனப் பூரா கீழ தள்ளுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“கணக்கு யாரு சொல்லுவா நர்சம்மா, என் மொதலாளி...”

“ஏ வே, ஒரு உசுரு போவுதுங்கேன், மொதலாளிங்கீரு!”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கேன்களைத் தெருவில் உருட்டிவிட்டார்.

அதற்குள் மாமியார் ஓடி வந்துவிட்டார். மருமகள் கிடக்கிற கோலத்தையும், ஊர் தன்னைப் பார்க்கிற பார்வையையும் ஒன்றாகப் பார்த்தார். “என் மவன் வரட்டும். அவன் வராம நான் எங்கயும் விடமாட்டேன்” என்று வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். அவன் சிவகிரிக்கு அப்பால் கிடையில் இருந்தான். போன் போகவில்லை. நான் அந்தம்மா தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். “உம்ம மவன் வரும்போது இவ இருக்கணுமா வேண்டாமா? அதமட்டும் சொல்லும்!” அந்தம்மா விலகி வந்து வண்டியில் ஏறினார். மருமகள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் கால் இரண்டையும் வண்டியில் மிஞ்சிக் கிடந்த கேன் ஒன்றின்மேல் தூக்கி வைத்துவிட்டு நாடியைப் பிடித்தபடி வந்தேன். பாதி வழியில் மாரிச்செல்வி கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

“நர்சம்மா, நான் ஒண்ணும் குடிக்கல.”

“சரிட்டி, பேசாத.”

“அன்னைக்கே சொன்னேன்லா. ஒரு துணிகூட நனையலன்னு...”

கண் மறுபடியும் சொருகிவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு நாள் போன ரத்தம், காப்பித்தூள் நிறம், தோள்பட்டை நுனி வலி, கக்கூஸ் வருகிற மாதிரி உணர்வு, வெளுத்த உதடு. ஒவ்வொன்றும் படித்ததுதான். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியதுதான். கரு கருப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்து, ரத்தமெல்லாம் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே வராததால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆறு வருடம் கேட்ட பிள்ளை, வரக்கூடாத இடத்தில் வந்து அவளைக் கொன்றுகொண்டிருந்தது. அன்றைக்கு வந்தது மாதவிலக்கே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு சின்ன டாக்டரம்மா. என் மகளைவிட வயது குறைவாக இருக்கும். சீட்டை வாங்கினார். “விஷமா?” என்று கேட்டுக்கொண்டே வயிறு கழுவுகிற குழாயை எடுக்கச் சொன்னார். ஒரு கையால் நாடி பார்த்துக்கொண்டே சீட்டில் கடைசி மாதவிலக்குத் தேதி இருந்த வரிக்கு வந்தார்.

“எல்.எம்.பி. பதினாறு நாள்தான் ஆகுதா? சரியாத் தெரியுமா சிஸ்டர்? எத்தனை நாள் போச்சு? எத்தனை துணி மாத்தினாங்க?”

நான் பதில் சொல்லவில்லை.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். எனக்குப் பதில் தெரியும். வண்டியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான். பதிவேட்டில் பொய்த் தேதி எழுதியது நான். சீட்டில் விஷம் என்று எழுதியதும் நான். இந்தப் பெண் செத்தால் எல்லாம் என் தலையில்தான் வரும், விசாரணை, சஸ்பெண்டு, ஊர் முகம் என்று மனசு அதற்குள் ஓடிவிட்டது. பத்து நொடி இருக்கும். ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போது என் வேலையைப் பற்றி நினைத்துக்கொண்டு பத்து நொடி நின்றேன். நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்து நொடியில் மாமியார் முன்னால் வந்தார்.

“ஒரு நாள்தான் தாயி. எப்பவும் நாலு நாள் ஒதுங்குதவ, இந்த மட்டம் ஒரே நாள்தான் ஒதுங்கினா. ஒரு துணியும் நனையல. மறுநாளே அடுப்படிக்கு வந்துட்டான்னு நாந்தான் ஏசினேன். இந்த நர்சம்மா முன்னாலதான் ஏசினேன். கேளுங்க.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

“ஆமா டாக்டர். அந்தத் தேதி தப்பு. அது மாதவிலக்கு இல்ல. தள்ளிப்போடுற மாத்திரை நான்தான் வாங்கிக் குடுத்தேன். சோதிக்காம குடுத்தேன். தோள்பட்டை வலின்னும் சொன்னா.”

அவர் என்னைத் திட்டவில்லை. வயிறு கழுவுகிற குழாயைத் தள்ளிவிட்டார். டியூப் போட்டு எடுத்த சிறுநீரை அட்டையில் விட்டார்கள். இரண்டு கோடு வந்தது. வயிற்றில் ஊசியைக் குத்தி இழுத்தார், கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தது. “தியேட்டர்” என்று கத்தினார். ஸ்ட்ரெச்சர் நகரும்போது என்னைத் தாண்டிப் போனவர் ஒன்றே ஒன்று சொன்னார்: “அரை மணி நேரம் வயித்தைக் கழுவிக்கிட்டு நின்னிருப்பேன் சிஸ்டர்.”

வெளியே சிமென்ட் பெஞ்சில் நானும் மாமியாரும் உட்கார்ந்திருந்தோம். என் புடவையில் அவள் வேர்வை காயவில்லை.

“செத்துருவாளா?”

“தெரியல.”

“அவ ஒண்ணும் குடிக்கல நர்சம்மா. காலைல எனக்கு ரெண்டு தோச சுட்டுப் போட்டுட்டுத்தான் வந்தா. நான் வாய்க்கு வந்தபடி ஏசுவேன். நெசந்தான். ஆனா சாவுன்னு சொன்னதில்ல.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ஊர்ல நாந்தான் கொன்னேன்னு சொல்லுவானுவ.”

“நீங்க இல்ல. தப்பு என்னோடது.”

அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “தப்பு உன்னதுன்னா அந்த டாக்டர் புள்ள கேட்டப்ப ஏன் வாய மூடிட்டு நின்ன?”



மாரிச்செல்வி பிழைத்தாள். ஒரு பக்கக் கருக்குழாயை எடுத்துவிட்டார்கள். ரத்தம் எத்தனை பாட்டில் ஏற்றினார்கள் என்று நான் எண்ணவில்லை, எண்ணுகிற நிலையில் இல்லை. புருஷன் சாயங்காலம் ஆட்டுக்கம்போடு அப்படியே வந்து நின்றான். கம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் வார்டு வாசலில் நின்றுகொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள் அந்த டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன், மாத்திரையால்தான் இப்படி ஆனதா என்று. “மாத்திரை இதை உண்டாக்கல. ஆனா மாத்திரை இருந்ததால நீங்க யோசிக்கறத நிறுத்திட்டீங்க” என்றார். அவர் என்னிடம் இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்கமாட்டார். ஆனால் இருபத்தைந்து வருடத்தில் நான் படித்ததைவிட அது பெரிய பாடம்.

இதைப் படித்துவிட்டு, கொஞ்சமாகப் போகிறது என்கிற ஒவ்வொருத்தியையும் வண்டியில் ஏற்றாதீர்கள். சில பெண்களுக்கு வயதுக்கு வந்ததில் இருந்தே இரண்டு நாள்தான், அதுவும் கொஞ்சம்தான். அது அவர்கள் உடம்பு. மூன்று மாதக் கருத்தடை ஊசி போட்டவளுக்குக் குறையும், நின்றேகூடப் போகும். நாற்பத்தைந்தைத் தாண்டியவளுக்கு ஒரு மாதம் கொட்டும், ஒரு மாதம் காட்டாது. தைராய்டு இருந்தாலும் மாறும். ஒழுங்காகச் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே போகிற கல்லூரிப் பிள்ளைக்கும் குறையும், அவளைத் திட்டாமல் சோறு போட்டுப் பேசவைக்கவேண்டும். கருவைச் சுத்தம் செய்த பிறகு குறைந்துபோனால் உள்ளே தழும்பு விழுந்து ஒட்டியிருக்கலாம், டாக்டரிடம் அனுப்புங்கள். பிரசவத்தில் ரத்தம் கொட்டி, பால் சுரக்காமல், மாதவிலக்கும் சரியாக வராமல், எப்போதும் சோர்ந்தே கிடக்கிறவளை “சோம்பேறி” என்று வீட்டில் சொல்வார்கள். நீங்கள் நம்பாதீர்கள். அவளையும் அனுப்புங்கள்.

பார்க்கவேண்டியது அளவை மட்டும் இல்லை. அவளுக்கு எப்போதும் எப்படி வரும், இந்தத் தடவை எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். நாலு நாள்காரிக்கு ஒரு நாள் என்றால் முதலில் சோதனை அட்டையை எடுங்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்தவள் என்றாலும், புருஷன் வெளிநாட்டில் இருக்கிறான் என்றாலும் எடுங்கள். கடையநல்லூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், லீவில் வந்து போனானா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். இரண்டு கோடு வந்து, வயிற்று வலியோ, தோள் வலியோ, தலைச்சுற்றலோ இருந்தால் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.

வீட்டில் ஒதுங்குகிற பழக்கத்தை நான் இன்றைக்கும் எதிர்க்கிறேன். ஆனால் ஒதுக்கிவைக்கிற மாமியாருக்கு எண்ணிக்கை தெரியும். எனக்குத் தெரியவில்லை. எதிர்த்துச் சண்டை போடுங்கள், போடுவதற்கு முன்னால் அந்தம்மா என்ன சொல்கிறார் என்று காதில் வாங்குங்கள்.

இனி அந்த ஒருத்திக்கு.

அந்த நாளில் இருந்து மாரிச்செல்வியின் மாமியார் மாதம் தவறாமல் எனக்குப் போன் செய்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. “நாலு நாள். சரியாத்தான் போச்சு” என்பார், வைத்துவிடுவார். நலமா என்றுகூடக் கேட்கமாட்டார். அந்த வீட்டில் இப்போது யாரும் ஒதுங்குவது இல்லை. எண்ணுவதை மட்டும் அந்தம்மா விடவில்லை.

இந்தத் திங்கட்கிழமை போன் வந்தது.

“ஒரே நாள்தான். கருப்பா. நீ வா.”

முதலில் என் இடத்துக்கு வந்திருக்கும் புதுப்பெண்ணுக்குப் போன் போட்டேன்.

“மாரிச்செல்வியப் பாத்தியாம்மா?”

“பாத்தேன்க்கா. போன வாரம் வந்துட்டாம். தேதி போட்டுட்டேன். நார்மல்க்கா.”

“எத்தன நாள் போச்சுன்னு கேட்டியா?”

“போன் செயலியில தேதி மட்டும்தானக்கா கேக்கு.”

“கேக்க வேண்டியது போனா, நீயா?”

போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கே போய்ச் சோதித்தேன். இரண்டு கோடு. மாரிச்செல்வி அந்த அட்டையை வெகு நேரம் பார்த்தாள். சந்தோஷப்பட அவளுக்குத் தைரியம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. மிச்சம் இருப்பது ஒரு குழாய்தான். ஒரு தடவை குழாயில் தங்கியவளுக்கு மறுபடியும் அப்படியே ஆகக்கூடும். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் கருப்பைக்குள் ஒன்றும் தெரியவில்லை, குழாயிலும் தெரியவில்லை. நாள் குறைவாக இருக்கலாம், அதனால் தெரியாமல் இருக்கலாம் என்றார் டாக்டர். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் எடுத்து, மறுபடியும் ஸ்கேன் செய்யவேண்டும். அதுவரை எது என்று யாராலும் சொல்லமுடியாது. பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக அவள் காத்திருந்த பிள்ளையாகவும் இருக்கலாம். அவளைக் கொல்ல வந்ததாகவும் இருக்கலாம்.

ஊருக்குத் திரும்பவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார்கள். புருஷன் ஆட்டை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்து, வாசலில் ஆட்டோவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறான். மாமியார் மணிக்கு ஒரு தடவை அவள் கீழ் இமையை இழுத்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். நான் தினமும் இரண்டு வேளை போய் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன். வீட்டில் இருந்தால் போன் அடிக்கும்போதெல்லாம் எடுக்கப் பயமாக இருக்கிறது. இதை எழுதும்போதுகூட இரண்டு தடவை அடித்துவிட்டது. இரண்டும் வேறு யாரோ.

தேதி மட்டும் எழுதியவளே, வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஸ்கேன் அறை வாசலுக்கு வா. திட்டக் கூப்பிடவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உன் செயலியில் இருக்கிற அந்தத் தேதியைத்தான் அங்கேயும் முதலில் பார்ப்பார்கள். பிறகு டாக்டர் கேட்பார், எத்தனை நாள் போச்சு, எத்தனை துணி என்று. ஒரு நாள், ஒரு துணிகூட நனையவில்லை, நான் எழுதிய தேதி தப்பு என்று நீ சொல்லவேண்டும். மாமியார் முந்திக்கொண்டு சொல்வதற்கு முன்னால் சொல்லவேண்டும்.